மாமி ஏறினால் நிற்கும் கார்

என்னுடைய காருக்கு என் மாமியை, அதாவது என் மனைவியின் உம்மாவை, பிடிக்கவில்லை என்று நான் நம்பினேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, முழுதாக நான்கு மாதம். இப்போது இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அப்போது வெட்கமே இல்லாமல் கல்முனையில் ஒவ்வொரு தேநீர்க் கடையாக ஏறி இறங்கி இதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சூறாவளி அடித்துப் போன இரண்டாம் வருஷம் வாங்கிய கார் அது. பென்சன் எடுத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போன, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த ஓர் அப்போதிக்கரி விற்றது. எனக்கும் அதற்கும் ஏறத்தாழ ஒரே வயது. இரண்டு பேருக்கும் காலையில் எழும்பும்போது இருமல் வரும். மருதமுனைத் தறிகளில் ஆண்கள் உடுக்கும் சாரன் எடுத்து, சம்மாந்துறையிலிருந்து பொத்துவில் வரைக்கும் கடைகளுக்குப் போடுவது என் தொழில். சாரன் கட்டுகள் டிக்கியிலும் எனக்குப் பக்கத்துச் சீற்றிலும் போகும். பின் சீற்றில் ஒரு கைக்குட்டை கூட வைக்க மனைவி விடமாட்டாள். அது பெண்கள் இருக்கும் இடம், அதில் அழுக்குப்படக் கூடாது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய்க் குடியிருப்பான். ஆகவே நான் இருந்தது மாமி கொடுத்த வீடு, தின்றது மாமி ஆக்கிய சோறு. ஆனால் ஒன்பது வருஷத்தில் மாமி என்னோடு நேராக ஒரு சொல் கதைத்தது கிடையாது. அது கோபம் இல்லை, மரியாதை. மருமகன் முன்னால் மாமி வரமாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று, "மகளே, அவருக்கு இன்னுங் கொஞ்சம் சொதி வேணுமா எண்டு கேளு" என்பார். நான் அந்தக் கதவிலிருந்து ஒரு முழத் தூரத்தில் இருப்பேன். நானும் என் பங்குக்கு, "மாமியிட்டச் சொல்லுங்க, வயிறு நிறைஞ்சிட்டு எண்டு" என்பேன். நடுவில் என் மனைவி தபால் கந்தோர். முத்திரை ஒட்டாமலே கடிதங்கள் போய் வரும்.

காரிலும் இதே ஒழுங்குதான். பெண்கள் போகிற நாளில் பின் ஜன்னல்களுக்குச் சேலை கட்டுவோம். முதலில் நான் காரை ஸ்டார்ட் பண்ணி வாசலில் உறுமவிட்டு வைத்திருக்க வேண்டும். பிறகுதான் அவர்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு விறுவிறென்று வந்து ஏறுவார்கள். மாமி எப்போதும் எனக்கு நேர் பின்னால், அந்த மூலையில். ஏன் என்றால் ஓட்டுகிறவனுக்கு முன்னால் தொங்கும் கண்ணாடியில் அந்த மூலை மட்டும் விழாது. மருமகனின் கண்ணாடியில் கூட மாமி விழக்கூடாது.

கார் முதல் தடவை நின்றது சாய்ந்தமருதில். நிந்தவூரில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டு வருகிற வழி. மனைவி இடப்பக்கம், மாமி தன் மூலையில். நல்ல பாரைக்குட்டி கிடக்கிறது என்று நிறுத்தி இறங்கினேன். மீனோடு வந்து திறப்பைத் திருப்பினால், "டிக்." அவ்வளவுதான். என்ஜின் அசையவில்லை. திரும்பவும் திருப்பினேன். "டிக்."

என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எனக்குப் பதற்றம் வந்தால் வாய் நிற்காது. "அல்லாஹ்வே, எழும்பு. எழும்புடா. எழும்புங்க" என்று காருக்கே மரியாதை கொடுத்துக் கதைக்க ஆரம்பித்துவிட்டேன். மீன் வாங்க வந்த நாலைந்து பேர் தள்ள வந்தார்கள். உள்ளே ஆட்களை வைத்துக்கொண்டு தள்ளுவது முறையில்லை என்று பெண்களை இறங்கச் சொன்னேன். மாமி இறங்கி மதில் ஓரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். தள்ளுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை என்று திறப்பைத் திருப்பினேன். கார் ஒன்றுமே நடக்காதது போல் எழும்பிக்கொண்டது.

இரண்டாம் தடவை, சம்மாந்துறையில் பெற்றோல் அடிக்க நிறுத்திய இடத்தில். மாமி உள்ளே: டிக். மாமி இறங்கினார்: புர்ர்ர். மூன்றாம் தடவை, அக்கரைப்பற்றில் ஒரு மையத்து வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போய் வரும்போது, வீட்டுக்கு விசுக்கோத்து வாங்க நிறுத்திய நேரம். அப்போதும் அதே கதை. மனைவியோடு மட்டும் எத்தனையோ தரம் போயிருக்கிறேன், ஒரு முணுமுணுப்பு இல்லை. சாரன் கட்டுகளோடு பொத்துவிலுக்குப் போய் வழியில் பத்து இடத்தில் நிறுத்துவேன், பத்து இடத்திலும் எழும்பும்.

இதற்கு மேலும் ஒருவனுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

தேநீர்க் கடைக் காக்கா (அண்ணனை நாங்கள் காக்கா என்போம்) என்னைக் கண்டாலே தொடங்குவார். "என்ன மருமகன், கார் ஓட்டுறீங்களா, மாடு சாய்ச்சிக்கிட்டுப் போறீங்களா? தள்ளிக்கிட்டே திரியிறீங்க."

"நான் என்ன செய்யிற காக்கா? மாமி ஏறினாப் படுக்குது. மாமிர கால் நிலத்தில பட்டா எழும்புது. என்ட காருக்கு மாமிதான் சுவிச்."

கடை முழுதும் சிரித்தது. ஒருவருக்குத் தேநீர் புரைக்கேறிப் போயிற்று. எனக்கு அந்தச் சிரிப்பு மிகவும் பிடித்திருந்தது. அடுத்த கடையிலும் சொன்னேன். அதற்கடுத்த கடையில் நான் சொல்ல முதலே, "சுவிச்சு மாமி சுகமா?" என்று கேட்டார்கள்.

வெளியில் பகிடி, உள்ளுக்குள் பயம். ஓதிப் பார்க்கும் லெப்பையிடம் போனேன். அவர் நல்ல மனிதர். "தம்பி, நான் மனிசருக்கு ஓதுறன். இதுக்கு நீங்க பாஸிட்ட எல்லோ போகோணும்" என்றார். நான் விடவில்லை. என் முகத்தைப் பார்த்து இரங்கி ஒரு போத்தல் தண்ணீருக்கு ஓதிக் கொடுத்தார். அதை எங்கே ஊற்றுவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ரேடியேற்றரில் ஊற்றினேன். வேறு எந்தத் துவாரமும் எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

மெக்கானிக்கைத்தான் நாங்கள் பாஸ் என்போம். என் பாஸ் பாண்டிருப்பு ஆள். பூவரச மரத்துக்குக் கீழே கராஜ். அவரிடம் நாலு மாதத்தில் ஆறு தரம் போயிருப்பேன். அந்தக் காருக்குப் பற்றரி பின் சீற்றுக்குக் கீழே. முதல் வேலையாகச் சீற்றைக் கழற்றி வெளியில் வைத்துவிட்டுப் பற்றரியைத்தான் பார்த்தார். தண்ணீர் சரி, சார்ஜ் சரி, தலைப்பில் இருக்கிற கவ்வி இறுக்கம். பிறகு செல்ஃப் மோட்டரைக் கழற்றிக் கார்பன் மாற்றினார். சுவிச்சைக் கழற்றித் துடைத்தார். வயர்களைச் சுரண்டினார். ஒவ்வொரு தரமும் இருபது முறை திறப்பைத் திருப்புவோம், இருபது முறையும் எழும்பும்.

"முதலாளி," என்றார் பாஸ், கையைத் துடைத்தபடி, "நோயாளிய வீட்டில விட்டுப்போட்டு அவன்ட சட்டையக் கொண்டு வந்து காட்டுறீங்க. நான் எங்க நாடி பிடிக்கிற?"

"நிண்டது மெய்தான் பாஸ். மூண்டு தரம் நிண்டிரிக்கி."

"நிண்ட நேரம் காருக்குள்ள ஆர் இருந்த?"

"வீட்டுப் பொம்புளையள்."

"ஓ," என்றார் பாஸ்.

அந்த "ஓ"வோடு விசாரணை முடிந்தது. எத்தனை பேர், எந்தப் பக்கம் இருந்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. அடுத்த வீட்டுப் பெண்கள் காரில் எந்த மூலையில் இருப்பார்கள் என்று கேட்பது ஒரு மனிதன் செய்கிற வேலையா? நானும் சொல்லவில்லை. மாமிக்கும் காருக்கும் பகை என்று தேநீர்க் கடையில் சொல்லத் தெரிந்த எனக்கு, பாஸிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் படித்தவர் இல்லை என்றாலும் கெட்டிக்காரர்.

இதற்கிடையில் மாமி வெளியில் போவதை நிறுத்திக்கொண்டார். ஒரு கலியாணத்துக்குத் தலையிடி என்றார். இன்னொன்றுக்குக் கால் உளைவு. சொந்தத் தங்கையின் பேரன் பிறந்து நாற்பதாம் நாள் விருந்து, அதற்கும் போகவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நிம்மதி என்று நினைத்தேன். அந்த மாதங்களில் கார் ஒரு தரம் கூட நிற்கவில்லை.

மாமியின் இளைய மகள் பொத்துவிலில் இருந்தாள். அவள் புருஷன் வாத்தியார். மாற்றம் கிடைத்து அங்கே போனவர், அவளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அவளுக்குத் தலைப்பிள்ளை. ஏழாம் மாதம் உம்மா வீட்டுக்கு வருவதாக இருந்தது, கால் வீங்கிப் போனதால் நகர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் காலை, அந்தப் பக்கமிருந்து நெல் ஏற்றி வந்த லொறிக்காரர் எங்கள் வாசலில் நிறுத்தினார்.

"புள்ளய ஆசுபத்திரியில வச்சிரிக்கி. பயப்பிட ஒண்டுமில்ல, ஆனா இண்டைக்கோ நாளைக்கோ எண்டிரிக்காங்க. உம்மா வந்தாத்தான் தின்னுவனெண்டு அழுது பிடிக்கிறாவாம். வாத்தியார் உங்களக் கெதியா வரட்டாம்."

நான் உடனே சேலையை எடுத்து ஜன்னல்களுக்குக் கட்டினேன். காரை ஸ்டார்ட் பண்ணினேன். எழும்பியது. ஆனால் வீட்டுக்குள்ளிருந்து யாரும் வரவில்லை. உள்ளே போய், கட்டி வைத்திருந்த மாமியின் பெட்டியைத் தூக்கினேன். குசினிக் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. மாமியின் குரல் கேட்டது.

"நீங்க ரெண்டு பேரும் போங்க மகளே. நான் வரல்ல."

"என்ன உம்மா கதைக்கிறீங்க? அவள் உங்களையெல்லோ கேட்டு அழுகிறாள்!"

"நான் ஏறினா அது நிக்கும். கோமாரிக் காட்டுக்க நிண்டா என்ன செய்யிற? அங்க புள்ள வாசலப் பாத்துக் கிடப்பாள். என்ட முசீபத்து, என்ட கெட்ட காலம், அவள்ர பேறில விழ வேணாம்."

"ஆர் உம்மா உங்களுக்கு இப்பிடியெல்லாம் சொன்ன?"

"ஊரே சொல்லுது. எங்கயோ கடையில ஆரோ சொன்னாங்களாம், நான்தான் சுவிச்செண்டு."

நான் கையில் மாமியின் பெட்டியோடு நின்றேன். ஆரோ என்றார் மாமி. தன் மகளிடம் கூட என்னைக் காட்டிக்கொடுக்காமல், ஆரோ என்றார்.

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக நான் அந்தக் கதவைப் பார்த்து நேரே கதைத்தேன். "மாமி, அந்த ஆரோ நான்தான். பகிடிக்குச் சொன்னன். பிழையாப் போயிட்டு. மாப்புத் தாங்க."

வாசலில் கார் தனியாக உறுமிக்கொண்டிருந்தது. பிறகு மாமி சொன்னார், வழக்கம்போல மகளிடம்: "அவரிட்டச் சொல்லு, எனக்கு முதலே தெரியுமெண்டு."

அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. "பெட்டியக் கொண்டு போய் வைக்கச் சொல்லு."

வந்து ஏறினார்கள். மனைவி இடப்பக்கம், மாமி தன் மூலையில். கார் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தது. இனி வழியில் எங்கும் நிறுத்தாமல் போனால் பொத்துவில். ஒரு குருடனும் கொண்டு போய்ச் சேர்த்துவிடுவான். ஆனால் என் இடது கால் தந்தி அடித்துக்கொண்டிருந்தது. கிளச்சை மெல்ல விட வேண்டியவன் பட்டென்று விட்டுவிட்டேன். கார் தவளை மாதிரி ஒரு குதி குதித்து அணைந்துபோனது.

திறப்பைத் திருப்பினேன். "டிக்."

பிறகு நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்ல முடியாது, வரிசையாகச் செய்யவும் இல்லை. பதினைந்து இருபது தரம் திருப்பினேன். ஸ்டியரிங்கில் அடித்தேன். தெரிந்த ஓதல் எல்லாம் ஓதினேன், நடுவில் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிட்டது. அப்போதிக்கரியைத் திட்டினேன். இறங்கிப் பொனட்டைத் திறந்து என்ஜினை முறைத்துப் பார்த்தேன். அது என்னை முறைத்தது. திரும்ப வந்து ஏறித் திருப்பினேன். டிக். "இது வேலைக்காகாது, இப்பவே கடலுக்குள்ள தள்ளுறன்" என்று அழாக்குறையாகச் சொன்னேன். எங்கள் வாசலிலிருந்து கடல் அரைக் கட்டை தூரம் என்பதும், ஓடாத காரைத் தள்ளத்தான் வேண்டும் என்பதும் அந்த நேரம் யோசனைக்கு வரவில்லை.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எனக்கு நேர் பின்னாலிருந்து.

"மகன்."

நான் திரும்பவில்லை. திரும்பக்கூடாது என்பது தெரியும். கண்ணாடியைப் பார்த்தேன். அதில் மனைவியின் வாய் திறந்தபடி இருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது.

"மகன், நீங்க முன்னுக்குப் போய்ப் பாக்கிறீங்க. சத்தம் அங்க இல்ல. எனக்குக் கீழ கேக்குது."

"என்ன மாமி?"

"நீங்க திருப்பக்க திருப்பக்க என்ட சீற்றுக்குக் கீழதான் டிக்கெண்டுது. சீற்றுஞ் சூடேறுது. மற்ற நாளும் இப்பிடித்தான். இவளிட்ட மூண்டு தரம் சொன்னன்."

தபால் கந்தோர் தலையைக் குனிந்துகொண்டது. மூன்று கடிதங்களும் அங்கேயே தேங்கிக் கிடந்திருக்கின்றன.

"அத எப்பிடி நான் உங்களிட்டச் சொல்லுற, மச்சான்?" என்றாள் மனைவி. "உம்மாக்குக் கீழ சத்தம் கேக்குது, இருக்கிற இடம் சுடுது எண்டு மாப்புளயிட்டப் போய்ச் சொல்லுற கதையா அது? நான் உம்மாக்கு மூலச் சூடாக்குமெண்டு வெந்தயம் ஊறப் போட்டுக் குடுத்தன்."

"அதையுங் குடிச்சிப் பாத்தன்," என்றார் மாமி.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாண்டிருப்புக்குப் பறந்தேன். பாஸ் வாயில் வெற்றிலையோடு வந்தார். பெண்கள் இறங்கி வீட்டுக்குள் போனதும் நான் விஷயத்தைச் சொன்னேன், இந்தத் தரம் எதையும் மறைக்காமல். எந்த மூலை, யார், என்ன கேட்டது, என்ன சுட்டது.

பாஸ் வெற்றிலையைத் துப்பினார். "ஏறி அவடத்த இரிங்க முதலாளி."

மாமியின் மூலையில் போய் இருந்தேன். பாஸ் முன்னால் ஏறித் திறப்பைத் திருப்பினார். டிக். எனக்குக் கீழே, மெய்யாகவே எனக்குக் கீழே. "எழும்புங்க," என்றார். எழும்பிக் குனிந்து நின்றேன். திருப்பினார். கார் எழும்பியது. அணைத்துவிட்டு, "இரிங்க" என்றார். டிக். "எழும்புங்க." புர்ர்ர். என்னை ஆறு தரம் இருத்தி எழுப்பினார். நாலாம் தரத்துக்குப் பிறகு அது பரிசோதனை இல்லை, தண்டனை என்று நினைக்கிறேன். இருக்கிற ஒவ்வொரு தரமும் எனக்கு முன்னால் தெரிந்தது ஓட்டுகிறவரின் பிடரி ஒன்றுதான். கண்ணாடியில் என் முகம் இல்லை, அவர் முகமும் இல்லை. ஒன்பது வருஷமாக மாமி என்னில் பார்த்துக்கொண்டு வந்தது அந்தப் பிடரியைத்தான்.

சீற்றைக் கழற்றினார். பற்றரியிலிருந்து வருகிற எர்த் வயரைக் கையால் தடவிக்கொண்டே போனார். அது காரின் தரைத் தகட்டில் ஓர் ஆணியோடு பூட்டியிருந்தது. அதற்கு மேலே பழைய சாக்குத் துண்டு ஒன்று மூடிக் கிடந்தது. சாக்கைத் தூக்கினார்.

"நான் பற்றரியத்தான் ஆறு தரம் பாத்தன்," என்றார். "அதுர வால எங்க கட்டியிரிக்கெண்டு ஒருக்காலும் பாக்கல்ல. சீற்றக் கழத்தி வச்சிட்டுப் பாத்தா எல்லாஞ் சரியாத்தானே இரிக்கும்? ஆள் இருந்தாத்தானே பிழை வரும்." பிறகு என்னைப் பார்த்தார். "மாமிதான் சுவிச்செண்டு கடையில சொன்னீங்களாம். அந்தப் பகிடிய எனக்கிட்டச் சொல்லியிருந்தா அண்டைக்கே முடிஞ்சிரிக்கும்."

ஒரு புது ஆணி போட்டார், தகட்டைச் சுரண்டினார், தொய்ந்து போன சுருள் கம்பியைக் கட்டுக் கம்பியால் இழுத்துக் கட்டினார், சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி மேலே வைத்தார். நான் தேநீர் கொண்டு வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

மாமி திரும்ப வந்து ஏறும்போது கார் ஓடிக்கொண்டிருக்கவில்லை. நான்தான் அணைத்து வைத்தேன். அவர் தன் மூலையில் நன்றாகச் சாய்ந்து இருந்த பிறகு, "மாமி, திருப்பட்டா?" என்று கேட்டேன்.

"ஓம் மகன், பிஸ்மில்லாச் சொல்லித் திருப்புங்க."

எழும்பியது.

பொத்துவிலுக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்னர் போய்ச் சேர்ந்தோம். வழியில் அக்கரைப்பற்றிலும் திருக்கோவிலிலும் கோமாரிக் காட்டுக்கு நடுவிலும், எந்தத் தேவையும் இல்லாமல், காரை நிறுத்தி அணைத்துத் திரும்ப ஸ்டார்ட் பண்ணினேன். மூன்று இடத்திலும் மாமி இறங்கவில்லை. மூன்று இடத்திலும் கார் எழும்பியது. மச்சினிக்கு அடுத்த நாள் மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு பெண் பிள்ளை கிடைத்தது. மாமி பக்கத்தில் இருந்தார்.

காரில் கெட்டிருந்தது ஓர் ஆணி. எர்த் வயரைப் பிடித்திருந்த அந்த ஆணி துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. பின் சீற்றின் வலப் பக்கத்தில் யாராவது இருந்தால் தொய்ந்த சீற்றுச் சுருள் இறங்கி வயரை அமுக்கும், வயர் தகட்டைவிட்டு விலகி அங்கேயே பொறி தட்டிச் சூடேறும், கார் ஸ்டார்ட் ஆகாது. எழும்பினால் ஆகும். அந்தச் சீற்றில் மாமியைத் தவிர வேறு யாரும் இருந்ததில்லை.